மேபல் பொங்கிய சனிக்கிழமை

“நெருப்பை இறக்கு! பிள்ளை, கெதியா நெருப்பை இறக்கு!”

நிர்மலா பாய்ந்தாள். கத்தியது யார் என்று திரும்பிப் பார்க்க நேரமில்லை. தமிழ்க் குரல், பெண் குரல், அவ்வளவுதான். குரல் வந்த அடுத்த கணம், குட்டி இஞ்சினின் புகைபோக்கியிலிருந்து புகைக்குப் பதிலாக வெள்ளை நுரை கிளம்பியது.

கோலியர்ஸ் வுட் பூங்காவைச் சுற்றி, முழங்கால் உயரத் தூண்களின்மேல் போட்டிருந்த குறுகிய தண்டவாளம். அதன்மேல் பெரிய சூட்கேஸ் அளவில் ஒரு நீராவி இஞ்சின். அதற்குப் பின்னால் சக்கரம் பூட்டிய பலகையில் இரண்டு பக்கமும் கால் போட்டபடி நிர்மலாவின் அப்பா குலசேகரம். டை கட்டியிருந்தார். ஊரே தன்னைப் பார்க்கிறது என்ற புன்னகையோடு இருந்தார். ஊர் பார்க்கத்தான் செய்தது. நுரை கொத்துக் கொத்தாக அவருடைய டையில் விழுந்துகொண்டிருந்தது.

“அப்பா, நிப்பாட்டுங்கோ!” நிர்மலா இஞ்சினோடு கூடவே ஓடினாள்.

“ரெண்டாவது சுத்து பிள்ளை! இன்னும் ஒண்டுதான்!”

“தண்ணிக் கிளாஸைப் பாருங்கோ!”

கொதிகலனின் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயை அவர் அப்போதுதான் பார்த்தார். அதில் தண்ணீர் இல்லை. நுரை மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருந்தது. கொதிகலனுக்குள் தண்ணீர் இருக்கிறதா, வற்றிவிட்டதா? யாருக்கும் தெரியாது. வற்றிய கொதிகலனுக்குக் கீழே நெருப்பு எரிந்தால் என்ன ஆகும்? அது எல்லாருக்கும் தெரியும்.

குலசேகரத்தின் கை நீராவிக் கைப்பிடிக்குப் போனது. போய், மூடுகிற பக்கம் தள்ளாமல் திறக்கிற பக்கம் இழுத்தது. இஞ்சின் விசுக்கென்று வேகம் பிடித்தது.

அடுத்து அவர் செய்த காரியம் சுருக்கமானது. குதித்தார்.

புல்லில் இரண்டு தரம் உருண்டு, ஒரு பூச்செடியை அணைத்துக்கொண்டு நின்றார். இஞ்சின் அவரில்லாமலே ஓடியது. உண்மையில் அவர் இருந்தபோதை விட நேர்த்தியாகத்தான் ஓடியது. நிர்மலா எட்டிக் கைப்பிடியை மூடினாள். வேகம் தணிந்ததும் இஞ்சினின் அடியில் கைவிட்டு, சாம்பல் தட்டைத் தாங்கும் ஊசியை உருவினாள். தணல் முழுவதும் பொலபொலவென்று கீழே கொட்டியது. விரலில் சுருக்கென்று சுட்டது. உதறிக்கொண்டாள்.

இஞ்சின் நின்றது. ஒரு பெருமூச்சு விட்டது. கடைசியாக ஒரு கட்டி நுரையைத் துப்பியது.

அப்போதுதான் அந்த மணம் எல்லாருடைய மூக்கிலும் ஏறியது. நிலக்கரி மணம் அல்ல, எண்ணெய் மணமும் அல்ல. அடுப்பில் வைத்துவிட்டுக் கதைக்கப் போன வீடுகளில் வருமே, அடிப்பிடித்த பால் மணம்.

வேலியோரம் நின்ற பலசரக்குக் கடைக்காரர் பாலேந்திரா இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கூவினார்:

“பொங்கலோ பொங்கல்! குலசேகரமண்ணை, சூரியன் இந்தப் பக்கம்! திரும்பி நிண்டு படையுங்கோ!”

இந்த இடத்தில் குலசேகரத்தை அறிமுகம் செய்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அவரே செய்துகொள்வார்.

வயது ஐம்பத்தைந்து. எண்பத்தைந்தில் குடும்பத்தோடு லண்டன் வந்து, பெற்றோல் நிரப்பு நிலையம் ஒன்றில் காசாளராக இருப்பவர். கலியாண வீடுகளில் அவரை யாரும் காசாளர் என்று சொன்னால் அந்த வீட்டில் அவர் சாப்பிட மாட்டார். அங்கே அவர் ‘ஒரு காலத்தில் ஆலையொன்றின் இயந்திரப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர்.’ ஆனால் கோலியர்ஸ் வுட் குட்டி ரயில் கழகத்தில் அவர் இஞ்சின் டிரைவர்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. யாழ்ப்பாணத்தில் பெண் கேட்கப் போன வீட்டில் டிரைவர் என்று சொன்னால் தேத்தண்ணியும் கிடைக்காது. லண்டனிலோ, ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர்களும் பல்வைத்தியர்களும் சனிக்கிழமை தோறும் முகத்தில் கரி பூசிக்கொண்டு, டிரைவர் என்றால் தொப்பியைக் கழற்றுகிறார்கள். இதைக் கண்டுபிடித்த வாரமே குலசேகரம் டிரைவரானார்.

மேபல் கதை அங்கேதான் தொடங்குகிறது.

பெரிய மேபல் ஒரு ஷண்டிங் இஞ்சின். தென் லண்டனில் ஓர் எரிவாயு ஆலையின் முற்றத்தில் நிலக்கரிப் பெட்டிகளை முன்னுக்குத் தள்ளிப் பின்னுக்கு இழுத்தே ஆயுளைக் கழித்தவள். நான்கு சக்கரம், குள்ள உடம்பு, முதுகில் சேணம்போலக் கவிழ்ந்த தண்ணீர்த் தொட்டி. ஆலை மூடிய பிறகு இருபத்தைந்து வருடம் துருப்பிடித்துக் கிடந்தவளைக் கழகத்தார் சுரண்டிப் பூசி உயிர் கொடுத்திருந்தார்கள். சின்ன மேபல் அவளுடைய அச்சு மாதிரி. அந்த ஆலையில் வேலை பழகிய யாரோ எப்போதோ செய்தது. தேவாலய மண்டபமொன்றின் பழைய சாமான் விற்பனையில், திரைச்சீலைக் குவியலுக்கு அடியில், புகைபோக்கி உடைந்து கிடந்ததைக் குலசேகரம் வாங்கி வந்தார்.

மூன்று வருடம் பழுது பார்த்தார் என்பார். கொதிகலனைப் பிரித்து, செம்புக் குழாய்களை மாற்றி ஒட்டியவர் கழகத்து முதியவர் பிரிச்சர்ட். சக்கரம் கடைந்தவர் பல்வைத்தியர். பச்சை வர்ணம் அடித்துச் சிவப்புக் கோடு இழுத்தவர் வங்கி முகாமையாளர். குலசேகரம் பித்தளையை மினுக்கினார். படம் எடுக்கும்போது நடுவில் நின்றார்.

வீட்டில் மட்டும் பாடம் நடத்தினார். தினமும் இரவுச் சாப்பாட்டில்.

“லண்டன் பைப் தண்ணியிலை சுண்ணாம்பு. கேத்திலைப் பார், உள்ளுக்கை பாறை. பொயிலருக்கு மழைத்தண்ணி மட்டும்தான், விளங்குதே? எண்ணெய், சவர்க்காரம், பால், உந்தச் சொதி, ஒரு துளி போனாலும் காணும். நுரைச்சுப் பொங்கி நாசமாப் போகும்.”

“ம்,” என்பாள் மனைவி பாலாம்பிகை, தேங்காய்ப்பால் சொதியை ஊற்றியபடி. பல்கனி முழுக்க மழைத்தண்ணீர் வாளிகள். உடுப்புக் காயப்போட இடமில்லை. “கண்டறியாத மேபல். ஒரு சக்களத்தியைக் கொண்டந்திருந்தாலும் அவள் சமையலுக்கு உதவியிருப்பாள்.”

பெரிய மேபலின் இரட்டைச் சகோதரி ஒருத்தி அந்தக் காலத்தில் கப்பலேறி இலங்கைக்குப் போயிருந்தாள். வடக்கே கடலோரத்து ஆலை ஒன்றுக்கு. அந்த ஆலையில்தான் குலசேகரம் வேலை செய்தார். இதைக் கேட்டதும் கழகச் செயலாளர் ஹாட்ஜுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“அவளை ஓட்டியிருக்கிறீர்களா?”

“ஒன்பது வருடம்,” என்றார் குலசேகரம்.

“இப்போது அவள் எங்கே?”

குலசேகரம் தொலைவில் தெரிந்த ஓர் அவலட்சணக் கோபுரக் கட்டடத்தைப் பார்த்தார். பிறகு நெஞ்சில் கையை வைத்து ஒரே சொல்லில் சொன்னார்:

“யுத்தம்.”

வெள்ளைக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். யாரோ பக்கத்தில் நின்ற பாலாம்பிகையின் காலைப் பார்த்தார். இடது பாதத்தை இழுத்து இழுத்துத்தான் அவள் நடப்பாள். “அதுவுமா?” என்று மெல்லக் கேட்டார்.

“அதுவும்,” என்றார் குலசேகரம்.

அது பொய் என்று நிர்மலாவுக்குத் தெரியும். நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா நொண்டித்தான் நடக்கிறாள். கிணற்றடியில் வழுக்கி விழுந்தது என்பது வீட்டுக் கதை. வெள்ளைக்காரருக்குக் கிணற்றடி போதாது என்று அப்பா நினைத்திருப்பார் என விட்டுவிட்டாள். இஞ்சின் ஓட்டிய கதையை அவளால் சரிபார்க்க முடியாது. அவள் பிறந்தபோது அப்பா யாழ்ப்பாண நகரத்தில் ஏதோ ஒரு அலுவலக நாற்காலிக்கு மாறிவிட்டிருந்தார். அதற்கு முந்திய காலத்துக்குச் சாட்சி பாலாம்பிகை ஒருத்திதான். மனைவியை யார் சாட்சியாக எண்ணுகிறார்கள்?

அந்த ஒற்றைச் சொல் குலசேகரத்துக்கு ஒரு மகுடத்தைக் கொண்டுவந்தது. ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரிய மேபல் முதல் தடவை பயணிகளை இழுக்கப்போகிறாள். மேலே கூரையில்லாத ஒரு பெட்டி. அதில் நிர்மலா படிப்பிக்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். இஞ்சினை ஓட்டப்போவது யார்? குலசேகரம்! ஒரே ஒரு நிபந்தனை. அதற்கு முந்திய வாரம் சின்ன மேபல், ஹாட்ஜின் கண்முன்னால், மூன்று சுற்று பழுதில்லாமல் ஓட வேண்டும். பொம்மையைத் தாலாட்டியவளுக்குப் பிரசவம் பார்க்கத் தெரியும் என்பது போன்ற தர்க்கம். கழகத்தில் எவருக்கும் அதில் பிழை தெரியவில்லை.

பாலாம்பிகை ஒருத்திதான் வாயைத் திறந்தாள்.

“இஞ்சாருங்கோ, சின்னதோடை நிப்பாட்டுங்கோவன். பெரிசு வேண்டாம். பின்னாலை பிள்ளையள்.”

“உனக்கென்ன தெரியும் இஞ்சினைப் பற்றி?” குலசேகரம் சிரித்தார். “இஞ்சாலை பாருங்கோ, பாலாம்பிகை இஞ்சினியர் கதைக்கிறா!”

பாலாம்பிகை தன் இடது பாதத்தைப் பார்த்தாள். தன் இடது பாதத்தைப் பார்த்தாள். எழுந்து பாத்திரம் கழுவப் போனாள்.

சனிக்கிழமை வந்தது. பாலாம்பிகை சும்மா வரவில்லை. புது வாகனம் என்றால் செய்ய வேண்டியதைச் செய்யத்தான் வேண்டும். கற்பூரம் கொளுத்தினாள். தொட்டியின் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்தாள். நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாள். ஹாட்ஜ் மண்டியிட்டுப் படம் எடுத்தார். குலசேகரம் தேங்காய் உடைத்தார். இரண்டாவது அடியில்தான் உடைந்தது.

முதல் சுற்று அருமையாகப் போனது. பின்பலகைகளில் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். தொட்டியை மழைத்தண்ணீரால் நிரப்ப இஞ்சின் நின்றபோது, நேரங்காலம் தெரியாமல் பாலாம்பிகை எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டாள்.

“வாங்கோ குஞ்சுகள், ஐஸ்கிறீம் வான் வந்திட்டுது. ஒருத்தரும் இதிலை இருக்கப்படாது.”

“இந்த மனுசிக்கு மூளை இருக்கே?” என்று குலசேகரம் பல்லைக் கடித்தார். வெறும் பலகைகளை இழுத்துக்கொண்டு இரண்டாவது சுற்றுக்குக் கிளம்பினார். அந்தச் சுற்றின் பாதியில்தான் மேபல் பொங்கியது.

ஹாட்ஜ் தொட்டியின் மூடியைத் தூக்கினார். உள்ளே விரலை விட்டார், முகர்ந்தார், நாக்கில் வைத்தார். முகம் சிவந்தது.

“பால்,” என்றார்.

“பாலா?” குலசேகரம் பூச்செடியின் இலைகளைத் தலையிலிருந்து தட்டிக்கொண்டு ஓடிவந்தார். “சதி! இது சதி!”

பல்வைத்தியர் குப்பைத் தொட்டியைக் கிளறினார். மேலாகவே கிடந்தது, ஒரு சின்னப் பால் பெட்டி. அதன் பக்கத்தில் ஒரு ஒட்டுத்தாள். ‘பாலேந்திரா ஸ்ரோர்ஸ்.’

கூட்டம் முழுவதும் பாலேந்திராவைப் பார்த்தது. அவரும் கழக உறுப்பினர்தான். ஆனால் பற்றரியில் ஓடும் டீசல் இஞ்சின் அச்சு மாதிரி ஒன்று வைத்திருந்தார். கழகத்தில் அது சாதிக் குறைவு. குலசேகரத்தைச் சீண்டுவதற்காகவே சந்தா கட்டுகிறவர் என்பது பூங்காவிலிருந்த மரங்களுக்கும் தெரியும்.

குலசேகரம் அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்தார். “பிடிச்சாச்சு! வெள்ளைக்காரனுக்கு முன்னாலை என்ரை மானத்தைக் கெடுத்துப்போட்டாயடா!”

“கையை எடுங்கோ அண்ணை. உங்கடை மானத்தைக் கெடுக்க வேறை ஆள் வேணுமே? பூச்செடியைக் கட்டிப்பிடிச்சது நானே?”

“உன்ரை கடைப் பால்!”

“இந்தப் பக்கத்திலை இருக்கிற முழுத் தமிழ்ச் சனமும் குடிக்கிறது என்ரை கடைப் பால்தான். நீங்கள் காலமை கோப்பி குடிச்சதும் அதிலைதான். அப்ப உங்கடை வயித்துக்கையும் நான்தான் சதி செய்தனானோ?”

யாரோ சிரித்தார்கள். ஹாட்ஜ் சிரிக்கவில்லை. அவர் ஆங்கிலத்தில் பேசியபோது சிரிப்பு நின்றுவிட்டது. கொதிகலனில் கை வைப்பது பகிடி அல்ல. வெடித்திருந்தால் ஓட்டியவர் முகம் போயிருக்கும். உறுப்புரிமை இன்றோடு முடிந்தது. பொலிசுக்கும் சொல்லத்தான் வேண்டும். கழகக் கூடாரத்தில் தொலைபேசி இருக்கிறது.

பாலேந்திராவின் முகத்திலிருந்து பகிடி வடிந்தது. “சேர், சத்தியமா நான் இல்லை. நான் வேலிக்கு இஞ்சாலை வரேல்லை.” யாரும் கேட்பதாயில்லை. தமிழன் ஒருவன் பழி சுமத்த, வெள்ளைக்காரன் ஒருவன் நம்ப, மூன்றாவது சாட்சி எதற்கு? ஹாட்ஜ் கூடாரத்தை நோக்கி நடந்தார்.

“அவரை விடுங்கோ.”

ஐஸ்கிறீம் வானிலிருந்து காலை இழுத்து இழுத்து வந்து சேர்ந்திருந்தாள் பாலாம்பிகை. மூச்சு வாங்கியது. ஹாட்ஜின் வழியை மறித்து நின்றாள்.

“பால் விட்டது நான்.”

நிர்மலா மொழிபெயர்க்க வாயைத் திறந்து, மூட மறந்து நின்றாள்.

“நீயோ?” குலசேகரத்தின் குரல் உடைந்தது. “ஏனடி?”

“அபிஷேகம்.” பாலாம்பிகை தலையைக் குனிந்துகொண்டாள். “தேங்காய் உடைச்சம், பழம் வைச்சம். பால் இல்லாமல் ஒரு குறை மாதிரிக் கிடந்தது. மூடியும் திறந்திருந்தது. சாமிக்கு எண்டு ஊத்தினன்.”

நிர்மலா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லும்போதே அவளுடைய காது சுட்டது. முதலில் பல்வைத்தியர் வெடித்துச் சிரித்தார். பிறகு எல்லாரும். ஹாட்ஜின் கோபம் முழுக்கக் கரைந்து, குழந்தையைப் பார்க்கும் பார்வையாக மாறியது. அழகான நம்பிக்கை என்றார். கழகச் செய்தித்தாளில் எழுதப்போவதாகவும் சொன்னார்.

குலசேகரம் சிரிக்கவில்லை. “மொக்கு! பட்டிக்காடு! மூண்டு வருசம் சொன்னனே, பொயிலருக்கை பால் போகக்கூடாது, போகக்கூடாது எண்டு! ஒரு காதாலை வாங்கி மற்றக் காதாலை விட்டிருக்கிறாய்! உன்னைப் போலை ஒண்டைக் கட்டின நான்தான் மொக்கன்!”

“ஓம்,” என்றாள் பாலாம்பிகை. எதற்கு ஓம் என்று தெளிவாகத் தெரியவில்லை.

பாலேந்திரா சேட்டுக் கொலரை நீவிக்கொண்டு அவளிடம் வந்தார். “அக்கா, பெரிய உபகாரம். அடுத்த முறை தயிர் விடுங்கோ. கடையிலை புளிச்சது நிறையக் கிடக்கு.”

சட்டம் சட்டம்தான். மூன்று சுற்று முடியவில்லை. கொதிகலனைக் கழுவிச் சோதிக்க ஒரு மாதமாகும். பெரிய மேபலைப் பிரிச்சர்ட் ஓட்டுவார், அவர் நாற்பது வருடம் உண்மையான ரயில் ஓட்டியவர் என்றார் ஹாட்ஜ். நண்பர் குலசேகரம் முதல் பெட்டியில் கௌரவ விருந்தினராக உட்காரலாம்.

முதல் பெட்டி என்று ஹாட்ஜ் சொன்னது மரியாதைக்கு. இருந்ததே ஒரு பெட்டிதான்.

அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக எறித்தது. பழைய எரிவாயு ஆலையின் முற்றத்தில் பெரிய மேபல் பச்சைப் பட்டுப் போலப் பளபளத்துக்கொண்டு நின்றாள். பிரிச்சர்ட் ஏறினார். விசிலை இழுத்தார். புறாக்கள் எழும்பின. பெட்டிக்குள் பிள்ளைகள் கை தட்டினார்கள். நடுவில் கோட்டும் டையுமாகக் குலசேகரம் உட்கார்ந்து, இஞ்சினை எப்படி ஓட்ட வேண்டும் என்று பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் சிப்ஸ் தின்றார்கள்.

மேபல் மெல்ல அசைந்து, முற்றத்தின் கோடி வரை போய், தடுப்புக் கட்டைக்கு ஆறடி முன்னால் பூப்போல நின்றாள்.

வேலியோரத்து வாங்கில் பாலாம்பிகை இருந்தாள். அந்த இஞ்சின் நிற்கும்வரை அவள் கண் இமைக்கவில்லை. நிர்மலா கட்டுப்போட்ட விரலோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அம்மா, அண்டைக்கு ‘நெருப்பை இறக்கு’ எண்டு கத்தினது நீங்கள்தானே?”

“ஆர் கத்தினதோ.”

“நுரை வர முன்னமே கத்தினீங்கள்.”

பாலாம்பிகை வாங்கில் கிடந்த காய்ந்த இலையைத் தட்டிவிட்டாள்.

“அதுக்கு முதல் பிள்ளையள் எல்லாரையும் இறக்கி ஐஸ்கிறீமுக்குக் கூட்டிக்கொண்டு போனீங்கள். வீட்டிலை சளி பிடிக்கும் எண்டு ஐஸ்கிறீமே வாங்கித் தாறேல்லை.”

“நல்ல வெயில்.”

“அம்மா!”

பாலாம்பிகை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “எந்தச் சாமிக்கடி பெட்டிப் பாலிலை அபிஷேகம் செய்யிறது? மூண்டு வருசம் சொதி ஊத்தேக்கை கேட்ட பாடம். பால் போனா பொங்கும், பொங்கினா கிளாஸிலை தண்ணி தெரியாது, உடனை நெருப்பை இறக்க வேணும். எனக்குப் பாடம். பாடம் எடுத்தவருக்குத்தான் மறந்து போச்சு.”

நிர்மலாவுக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை. “வெடிச்சிருந்தா?”

“அதுதானே நீ நிக்கிறாய் எண்டு பாத்து ஊத்தினனான். உன்ரை அப்பரை நம்பி ஊத்துவனே?”

“ஏன் அம்மா? அவர் எவ்வளவு ஆசைப்பட்டவர். ஒன்பது வருசம் ஓட்டினவர்…”

பாலாம்பிகை சிரித்தாள். வாங்கு அசைந்தது.

“ஒன்பது வருசம் அங்கை வேலைக்கு வாற ஆக்களின்ரை நேரம் பதிஞ்சவர். வாசலிலை ஒரு கூண்டு, அதுக்கை ஒரு கதிரை. இஞ்சின் ஓட்டினது ஒரே ஒரு நாள். எங்களுக்குக் கலியாணமாகி ஒரு மாசம். நான் சாப்பாடு கொண்டு போனனான். டிரைவர் சவிரிமுத்தண்ணை கைகழுவப் போயிட்டார். ‘வா பாலா, உனக்கு இஞ்சின் ஓட்டிக் காட்டுறன்’ எண்டு என்னையும் ஏத்திப்போட்டு உந்தக் கைப்பிடியை இழுத்தவர்.”

“பிறகு?”

“இழுக்கத் தெரிஞ்சுது. நிப்பாட்டத் தெரியேல்லை. தண்டவாளம் நேரை கடலுக்கை நீட்டின கப்பல் பாலத்துக்குப் போகுது. மூடுங்கோ எண்டு கத்துறன், இன்னும் திறக்கிறார். சனிக்கிழமை பாத்தாய்தானே? அதே கை.” பாலாம்பிகை இடது பாதத்தை முன்னுக்கு நீட்டினாள். “அதே மாதிரித்தான் குதிச்சதும். ஒரு சொல்லுச் சொல்லேல்லை. முதல் ஆளாக் குதிச்சார். அவரின்ரை பக்கம் மணல். நான் குதிக்கேக்கை கல்லு வந்திட்டுது.”

நிர்மலா அந்த இடது பாதத்தைப் பார்த்தாள். கிணற்றடியும் இல்லை. யுத்தமும் இல்லை.

“வெள்ளைக்காரருக்கு இதைச் சொல்லியிருக்கலாமே அம்மா. ஏன் இந்தக் கூத்து?”

“சபையிலை நிண்டு புருசனைப் பொய்யன் எண்டு சொல்லச் சொல்லுறியே? நான் மொக்கு எண்டா ஒரு நாள் சிரிப்பினம், போவினம். அவர் பொய்யன் எண்டா அந்த மனுசன் பிறகு எந்தக் கலியாண வீட்டிலை போய்ச் சாப்பிடுறது?” குரல் சற்று இறுகியது. “ஆனா பாலேந்திராவைப் பிடிச்ச உடனை எனக்குப் பொறுக்கேல்லை. அண்டைக்கும் உப்பிடித்தான். ‘சவிரிமுத்து பிறேக் போடாமல் விட்டவன், இஞ்சின் தானாக உருண்டது’ எண்டு உன்ரை அப்பர் சாட்சி சொன்னவர். சவிரிமுத்தண்ணைக்கு வேலை போச்சு. நான் ஆஸ்பத்திரியிலை கிடந்தன்.”

முற்றத்தின் கோடியிலிருந்து மேபல் பின்னோக்கி வரத் தொடங்கினாள். பெட்டிக்குள்ளிருந்து குலசேகரம் அவர்களைப் பார்த்து ராஜா மாதிரிக் கையசைத்தார். பாலாம்பிகையும் கையசைத்தாள்.

“அப்ப அந்த இஞ்சின்?” நிர்மலா மெதுவாகக் கேட்டாள். “யுத்தத்திலை போனது எண்டு ஹாட்ஜுக்குச் சொன்னாரே?”

“யுத்தம் தொடங்க எத்தினையோ வருசத்துக்கு முந்தியே, பிள்ளை, அது பாலத்தாலை கடலுக்கை போயிட்டுது.” பாலாம்பிகை இன்னும் கையசைத்துக்கொண்டிருந்தாள். “கடல் வத்துற நாளிலை புகைபோக்கி வெளியிலை தெரியும். மேலை ஒரு காகம் இருக்கும்.”